கன்டம் 0080: கடைசி அத்தியாயத்தில் அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால்?

மழைக்காகிதம்

முழுக் கதையையும் உடைத்துப் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், ஆறே அத்தியாயம்தான்.

கன்டம் என்பது ஆள் உள்ளே ஏறி ஓட்டும் ராட்சதப் போர் ரோபோக்களைப் பற்றிய ஜப்பானிய அனிமே வரிசை, அந்த ரோபோவின் பெயரும் அதுவே. அதில் ‘கன்டம் 0080: வார் இன் த பாக்கெட்’ 1989 மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது. டிவிக்கு வராமல் நேராக வீடியோவாக விற்பனைக்கு வந்த தொடர். கன்டமை உருவாக்கிய யொஷியுகி டொமினோ இயக்காத முதல் கன்டம், இயக்கம் ஃபுமிஹிகோ தகயாமா. இத்தனை வருஷம் கழித்து மறுபடி பார்த்தேன். முதல் ஐந்து அத்தியாயங்களில் எனக்குக் குறையே இல்லை. என் வழக்கு ஆறாவதோடு.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். விண்வெளியில் சைடு 6 என்ற நடுநிலைக் காலனியில் பூமியின் பெடரேஷன் ராணுவம் அலெக்ஸ் என்ற புது கன்டமை ஒளித்து வைத்திருக்கிறது. அதை அழிக்க வந்த எதிரி நாடான ஜியோனின் குழுவில் பெர்னி மட்டும் மிஞ்சுகிறான். அலெக்ஸ் அழியாவிட்டால் காலனி மேலேயே அணுகுண்டு போட ஜியோன் தளபதி ஒருவன் முடிவு செய்திருக்கிறான். தப்பியோடப் போன பெர்னி திரும்பி வந்து, ஒட்டுப்போட்ட ஒரு ஸாக்குவில் (ஜியோனின் போர் ரோபோ) அலெக்ஸோடு மோதிச் சாகிறான். அலெக்ஸை ஓட்டுவது கிறிஸ், அவனுக்குப் பிடித்த பெண். இரண்டு பேருக்கும் எதிரில் யார் என்று தெரியாது.

இதுவே போதுமான துயரம். இதற்கு மேல், மோதல் தொடங்கும் நேரத்தில், அணுகுண்டு கொண்டுவந்த கப்பல்கள் பிடிபட்டுவிட்டன என்று செய்தி வருகிறது. சண்டையே தேவையில்லை! பெர்னியோடு நட்பாகிவிட்ட காலனிச் சிறுவன் ஆல் நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடுகிறான், எட்டவில்லை. அழுகிற பார்வையாளனை இன்னும் ஒரு தட்டு தட்டி அழவைக்கிற வேலையாகத்தான் எனக்கு இது படுகிறது. பயத்தை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்த ஒருவனுடைய முடிவை, ஒரு செய்தி வாசிப்பு வெறுமையாக்கிவிடுகிறது.

தேய்ந்தநாடா

சகோ, முற்றிலும் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். அந்தச் செய்தியை எடுத்துவிட்டுக் கதையை ஓட்டிப் பாருங்கள். மோதலில் அலெக்ஸும் உருப்படியாக மிஞ்சவில்லை, தலை போய்விடுகிறது. அப்படியானால் பெர்னி ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம். உயிரைக் கொடுத்து ஒரு காலனியையே காப்பாற்றிய வீரன். முதல் அத்தியாயத்தில் ஆல் என்ன நினைத்துக்கொண்டிருந்தான்? போர் என்றால் இதுதான் என்றுதானே? வகுப்பில் பையன்களோடு ராணுவச் சின்னங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு, ஸாக்குவைப் பார்த்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியவன் அவன். செய்தி இல்லாவிட்டால் ஆறு அத்தியாயம் முடிவில் அவன் நினைத்தது சரி என்றே ஆகிவிடும்.

பெர்னியின் முடிவு வெறுமையாகவில்லை. அவனுக்கு அப்போது தெரிந்ததை வைத்து அவன் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியத்தைச் செய்தான். செய்தி பறிப்பது பெர்னியிடமிருந்து அல்ல, ஆலிடமிருந்து. “என் நண்பன் எல்லாரையும் காப்பாற்றினான்” என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்த ஒரே ஆறுதலையும் எடுத்துவிடுகிறது.

திருப்புளி

நீங்கள் இருவரும் கடைசி அத்தியாயத்தில் நிற்கிறீர்கள், நான் முதல் காட்சிக்கே போகிறேன். ஆர்க்டிக் தளத்தில் ஹைகாக்கு என்ற ஜியோன் ரோபோக்கள் கடலுக்குள்ளிருந்து எழும்பி வருகிற தாக்குதல். அந்தக் காலத்து வீடியோ அனிமேயில் அதைவிட நன்றாக வரையப்பட்ட ரோபோச் சண்டை எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. ஒவ்வொரு மூட்டும் எடையோடு அசைகிறது. சரி, அந்தக் காட்சி யாருக்காக? ஆலுக்கு அந்தத் தளம் இருப்பதே தெரியாது. அது வாங்குபவருக்காக.

எந்திர வடிவமைப்பாளர் யுதகா இசுபுச்சி பழைய எந்திரங்களை எல்லாம் புதிதாக வரைந்தார். ஸாக்கு கை, கெல்கூக் யேகர், குளிர்பிரதேச ஜிம். கெம்ப்ஃபர் முழுக்கவே புதிது. பொம்மைக் கம்பெனியான பன்டாய் அவற்றை 1/144 அளவில் பிளாஸ்டிக் மாடலாகப் பெட்டி போட்டு விற்றது. கெம்ப்ஃபர் நான்காம் அத்தியாயத்தில் தெருவில் இறங்கிச் சில நிமிஷம் அட்டகாசம் செய்கிறது, அலெக்ஸின் முன்கையில் மறைந்திருந்த துப்பாக்கியில் சல்லடையாகிறது. அவ்வளவுதான் அதன் ஆயுள், ஆனால் பெட்டி மட்டும் கடையில் நிற்கும். நான் மாடல் கட்டுகிறவன், எனக்கு அந்த வடிவங்கள் மேல் உயிர். அதனால்தான் கேட்கிறேன்: எந்திரத்தை ரசிக்காதே என்று ஒரு பையனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, அதே எந்திரத்தை இத்தனை அழகாக நம் கையில் வைக்கும் ஒரு படைப்பு நேர்மையானதா? வீடியோவுக்கு வந்ததால் வியாபாரப் பிடியிலிருந்து தப்பித்தது என்று பலர் எழுதுகிறார்கள். தப்பிக்கவில்லை.

தேய்ந்தநாடா

திருப்புளி, பிடி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பிடித்த இடம் வேறு. 1979-ல் டிவியில் வந்த முதல் கன்டமை நினைத்துப் பாருங்கள். பொம்மைக் கம்பெனியான க்ளோவர்தான் விளம்பரதாரர். பார்வையாளர் சேரவில்லை, பொம்மை போகவில்லை என்று 52 அத்தியாயமாக இருக்க வேண்டியதை 43-ல் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். பன்டாயின் முதல் பிளாஸ்டிக் மாடல் கடைக்கு வந்தது 1980 ஜூலையில், அதாவது தொடர் முடிந்த பிறகு! வாராவாரம் ஒரு சண்டை, ஒரு எதிரி என்பது அந்த அமைப்பின் சட்டம்.

1983-ல் ‘டல்லோஸ்’ வந்து வீடியோவுக்கென்றே அனிமே எடுக்கலாம் என்று வழி திறந்தது. அதன் பிறகு கணக்கு மாறியது. பார்க்கிறவரே காசு கொடுத்து வாங்குகிறார், அவர் சிறுபிள்ளையும் அல்ல. அதனால்தான் தகயாமாவால் இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களை ஏறக்குறையச் சண்டையே இல்லாமல் ஓட்ட முடிந்தது. பிரிந்து வாழும் அப்பா அம்மா, மதிப்பெண் தாளை ஒளிக்கும் பையன், பக்கத்து வீட்டுக்குத் திரும்பி வந்த அக்கா, திருடன் என்று நினைத்து அவள் மட்டையால் பெர்னியை அடிப்பது. சாயங்கால டிவியில், ரோபோத் தொடர் என்ற பெயரில் இதை யார் விடுவார்கள்?

அழகைப் பற்றி: எந்திரங்கள் அழகாக இல்லாவிட்டால் ஆல் ஏன் மயங்கினான் என்றே நமக்குப் புரியாது. ஆர்க்டிக் சண்டையைப் பார்த்து நாமும் வாய் பிளக்க வேண்டும். அப்போதுதான் நாமும் அவனோடு குற்றத்தில் பங்கு.

திருப்புளி

அந்த நியாயத்தைச் சொன்னால் எந்தப் போர்ப் படத்தையும் காப்பாற்றிவிடலாம். “அழகாகக் காட்டினால்தான் பார்வையாளன் மாட்டுவான்” என்பதை நான் ஏற்க வேண்டுமானால், மாட்டிய பிறகு படம் என்னை விடாமல் பிடிக்க வேண்டும். ஆறாம் அத்தியாயத்தில் பிடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மரங்களுக்கு நடுவே புகை, சாண்டா கிளாஸ் பலூனைக் காட்டி ஏமாற்றுவது, கோடாலியோடு பாயும் ஸாக்கு. அந்தச் சண்டையில் ஒரு நொடிகூட நான் ரசிக்கவில்லை. நான்காம் அத்தியாயத்தில் ரசித்தேன். சுற்றி வீடுகள் இடிந்துகொண்டிருந்தபோதே ரசித்தேன், படமும் என்னைத் தடுக்கவில்லை.

செங்கால்நாரை

இதுவரை எழுதிய மூன்று பேரும் கிறிஸ் என்ற பெயரை வந்த வேகத்தில் தாண்டிவிட்டீர்கள். தொடரும் அதையே செய்கிறது. எனக்கு இதன் பெரிய ஓட்டை அங்கேதான்.

கிறிஸ்டினா மெக்கென்ஸி ஒரு டெஸ்ட் பைலட். தான் வளர்ந்த ஊருக்கே ரகசியமாக ஒரு போர் எந்திரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பெற்றோருக்கும் தெரியாது. தன்னால்தான் இந்த ஊருக்கு ஆபத்து வந்தது என்ற எண்ணம் அவளுக்குள் ஓடாமலா இருக்கும்? நான்காம் அத்தியாயத்தில் அலெக்ஸை எழுப்பிக்கொண்டு வந்து, தன் ஊர்த் தெருவில் ஒருவனைக் கொல்கிறாள். அடுத்த நாள் அவள் எப்படி இருந்தாள் என்று படம் எவ்வளவு நேரம் கேட்கிறது? ஹருஹிகோ மிகிமோட்டோ வரைந்த முகம், மெகுமி ஹயாஷிபாராவின் குரல், இரண்டும் கையில் இருந்தும் எழுத்தில் அவளுக்கு இடம் இல்லை.

முடிவில் இடமாற்றலாகிப் போகும்போது ஆலிடம் வந்து, பெர்னிக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொல்கிறாள். அவனைக் கொன்றது தான்தான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. ஆல் சொல்லவில்லை. எல்லாரும் இந்தக் காட்சியைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவளுடைய அறியாமை அங்கே ஆலின் தோளில் ஏற்றும் பாரமாக மட்டுமே பயன்படுகிறது. அவள் கதை எங்கே?

தேய்ந்தநாடா

முழுத் தொடரும் ஒரு பையனின் கண் உயரத்தில் நடக்கிறது. அவனுக்கு கிறிஸ் பக்கத்து வீட்டு அக்கா. பெரியவர்களின் மனசுக்குள் அவன் போக முடியாது, கேமராவும் போகவில்லை. அந்தக் கட்டுப்பாட்டில்தான் தொடரின் பலமே இருக்கிறது.

செங்கால்நாரை

அப்படியானால் பெர்னிக்கு மட்டும் எப்படிக் கதவு திறந்தது? தலைவன் ஸ்டெய்னரோடும் மற்றவர்களோடும் அவன் இருக்கும் காட்சிகளில் ஆல் இல்லை. விமான நிலையத்தில் ஓடிப்போகலாமா என்று தவிக்கும்போதும் ஆல் பக்கத்தில் இல்லை. பெர்னிக்காகப் பையனின் கண் உயரத்தை விட்டு எழுந்த கேமரா, கிறிஸுக்காக எழவில்லை. திருப்புளி சொன்ன அந்த ஆர்க்டிக் சண்டையின் நிமிஷங்களில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தால், கடைசி மோதலில் இரண்டு பக்கமும் நமக்கு மனிதர்கள் இருந்திருப்பார்கள். இப்போது ஒரு பக்கம் பெர்னி, மறுபக்கம் எந்திரம். கவசக் கதவு திறந்து அவளை வெளியே எடுக்கும்போது ஆலுக்கு வருகிற அதிர்ச்சி நமக்கு ஏன் வருவதில்லை? நமக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும் அவளோடு நாம் வாழவில்லை.

மழைக்காகிதம்

நாரை சொன்னது என் வழக்குக்கும் பொருந்துகிறது. கிறிஸை முழுதாக எழுதியிருந்தால் அந்தச் செய்தி தேவைப்பட்டிருக்காது. ஒருவரை ஒருவர் விரும்பும் இருவர் தெரியாமல் மோதி, ஒருவர் மற்றவரைக் கொல்வதே முழுப் பாரத்தையும் சுமந்திருக்கும். பாதி எழுதியதால், மீதியை நிரப்ப வெளியிலிருந்து ஒரு விதி கொண்டுவந்தார்கள்.

வடலி

கொஞ்ச நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். கடைசிக் காட்சியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதால எழுதுறன்.

சண்டை நடந்த ஊரில பிள்ளையா இருந்தவன் நான். நாங்களும் சுட்டு விழுந்த தோட்டாக்களின்ர வெற்றுக்கோது பொறுக்கினம், மாத்தினம், ஆரிட்ட பெரிசு எண்டு பார்த்தம். சத்தத்தை வைச்சு என்ன விமானம் எண்டு சொல்லுவம். அது கொடூரம் இல்லை, பிள்ளையளுக்குக் கையில கிடைச்சது அதுதான். அதால ஆலையும் அவன்ரை கூட்டாளியளையும் பார்க்கேக்க மிகைப்படுத்தி எழுதினதா எனக்குப் படேல்லை. ஆலுக்குக் குரல் குடுத்த நமிகவா டைசுகேயும் அப்ப ஒரு சின்னப் பெடியன்தான். பெரிய ஆக்கள் பெடியன் மாதிரிக் கதைக்கிற குரல் இல்லை அது, அழேக்க மூச்சு உடையிறது உண்மையா இருக்கு.

கடைசியில பள்ளிக்கூடத்தில அதிபர் பேசிக்கொண்டு நிக்கிறார், ஆல் விம்மி விம்மி அழுறான். போர் முடிஞ்சு போச்சு எண்டுதான் அழுறான் எண்டு நினைச்சு, கெதியா இன்னொரு போர் வரும், இதைவிடப் பெரிசா வரும் எண்டு கூட்டாளியள் ஆறுதல் சொல்லுறாங்கள். அன்பாத்தான் சொல்லுறாங்கள்.

இப்ப மழைக்காகிதத்துக்கு என்ர பதில். அந்தச் செய்தி வராமல் விட்டிருந்தா, ஆலுக்கு அந்த இடத்தில வாயைத் திறந்து சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். “பெர்னி எண்டு ஒருத்தன் உங்களைக் காப்பாத்தினவன்” எண்டு. அவன் சொல்லியிருப்பான். கேட்ட பெடியளுக்கு அது இன்னும் நல்ல போர்க்கதையா இருந்திருக்கும். சொல்லுறதுக்கு ஒண்டுமே மிஞ்சாதபடியாத்தான் அவன் அழுறான்.

மழைக்காகிதம்

வடலி, கடைசிக் காட்சிக்கு அந்தச் செய்தி வேண்டும் என்பதற்கு இங்கே வந்த வாதங்களில் இதுதான் வலுவானது. செய்தி வேண்டுமென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அது வந்த நேரத்தில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. சண்டை முடிந்து, பெர்னி இறந்த பிறகு ஆலுக்குத் தெரிந்திருந்தாலும் நீங்கள் சொன்ன அழுகை அப்படியே வந்திருக்கும். பெர்னி விட்டுப்போன வீடியோ கடிதத்தை ஆல் பார்க்கிறானே, கன்டமை ஓட்டுகிறவனைக் கோபித்துக்கொள்ளாதே என்று அவன் சொல்வது, அதற்கு முன்போ பின்போ சத்தமில்லாமல் தெரியவந்திருக்கலாம். ஓடும் பையனையும் மோதும் எந்திரங்களையும் மாறி மாறி வெட்டிக் காட்டி, கடைசி நொடியில் தவறவிடுவது பழைய சினிமா உத்தி. இத்தனை நிதானமாகக் கதை சொன்ன ஒரு தொடர் அதற்குக் கீழே இறங்கியிருக்க வேண்டாம்.

தேய்ந்தநாடா

அந்த ஓட்டத்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். முதல் அத்தியாயத்திலிருந்து ஆல் சண்டை நடக்கும் இடத்தை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருக்கிறான், பார்ப்பதற்காக. ஆறாவதில் முதல்முறையாக நிறுத்துவதற்காக ஓடுகிறான். செய்தி பிறகு வந்தால் இந்த ஓட்டம் இல்லை, சண்டை வேண்டாம் என்று அவன் ஒருமுறைகூடக் கத்தாமலே தொடர் முடிந்துவிடும்.

செங்கால்நாரை

ஓடட்டும், கத்தட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவன் யாரை நோக்கிக் கத்துகிறான் என்று கவனியுங்கள். பெர்னியை நோக்கி. எதிரில் இருக்கும் கவசத்துக்குள் ஒரு ஆள் இருப்பது அவன் மனசில் அப்போதும் இல்லை. அந்த இடத்தில் படத்துக்கும் அவனுக்கும் வித்தியாசம் இருந்திருந்தால் நான் இந்த இழைக்கே வந்திருக்க மாட்டேன்.