கோட்டாறு குடும்பம் (குழு): ககோஷிமாவும் புகையும் மலையும்

அம்மா: ஜெபா, டிவியில் ஜப்பானில் நீ இருக்கிற ககோஷிமா என்று சொல்லி மலை புகைவதைக் காட்டினார்கள். பத்திரமாக இருக்கிறாயா மக்களே?

ஜெபா: இருக்கிறேன் அம்மா. அது சகுராஜிமா எரிமலை. நகரத்துக்கும் அதற்கும் நடுவில் நாலு கிலோமீட்டர் கடல். வருஷம் முழுக்கப் புகைகிற மலைதான். சாம்பல் விழுகிற நாளில் துணியை வெளியே காயப்போட மாட்டோம்.

ஆன்டோ: அவ்வளவு சாம்பலையும் எங்கே கொட்டுவார்கள் அக்கா?

ஜெபா: மாநகராட்சியே மஞ்சள் பை தரும், காசு கிடையாது. வாசலைப் பெருக்கி அள்ளிக் கட்டி, தெருவில் அதற்கென்று குறித்த இடத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப்போகும். கையில் எடுத்தால் மணல் மாதிரி நறநறவென்று இருக்கும்.

ஜெபா: கோடையில் கிழக்குக் காற்று அடிக்கும்போதுதான் எங்கள் பக்கம் வரும். அதனால் வானிலைச் செய்தியில் மலைக்கு மேல் காற்று எந்தப் பக்கம் போகிறது என்றும் சொல்வார்கள். மலை அடிவாரத்தில் கல்லறைகளுக்குக்கூடக் கூரை போட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: ஜிமா என்றால் தீவு என்கிறார்கள். மேப்பில் ஒரு பக்கம் கரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதே?

ஜெபா: 1914 வரை தீவுதான் பெரியப்பா. அந்த வருஷம் ஜனவரி 12 அன்று வெடித்த மலையின் எரிகுழம்பு கிழக்கே இருந்த கடலை அடைத்து, ஓசுமி தீபகற்பத்தோடு சேர்த்துவிட்டது. குரோகாமி என்ற ஊரில் கோயிலின் தோரணவாயில் மூன்று மீட்டர் உயரம். சாம்பலில் புதைந்து இப்போது உச்சி மட்டும்தான் தெரிகிறது. தோண்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அம்மா: ஐயோ, சனங்கள்?

ஜெபா: முந்தின நாளே நிலம் அதிர்ந்துகொண்டிருந்தது அம்மா. ஊர்த்தலைவர் வானிலை நிலையத்தில் கேட்டதற்கு, மலை வெடிக்காது என்றார்கள். நிறைய பேர் அதைக் காதில் வாங்காமல் படகேறித் தப்பினார்கள். நம்பித் தங்கியவர்களில் சிலர் கடைசியில் மார்கழிக் குளிரில் கடலில் குதித்துச் செத்தார்கள். 1924-இல் ஊர்க்காரர்கள் கல் நட்டு, கோட்பாடுகளை நம்பாமல், மாற்றம் தெரிந்ததும் புறப்பட ஆயத்தமாகுங்கள் என்று பொறித்துவிட்டார்கள்.

ஆன்டோ: அறிவியலை நம்பாதே என்று கல்வெட்டா!

ஜெபா: அந்த வேதனை அப்படி எழுத வைத்தது தம்பி. அன்றைக்கு நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு பழைய நிலநடுக்கக் கருவி. இப்போது மலையைச் சுற்றிக் கருவிகள். வருஷா வருஷம் சனங்களைக் கப்பலில் ஏற்றி ஒத்திகையும் நடத்துகிறார்கள். எனக்கு அந்தக் கல்லும் வேண்டும், கருவியும் வேண்டும்.

அம்மா: அரிசி கிடைக்கிறதா அங்கே?

ஜெபா: கிடைக்கிறது அம்மா. ஆனால் பழைய எரிமலைச் சாம்பல் மண்ணில் தண்ணீர் நிற்காது, நெல்லுக்கு ஆகாது. 1705-இல் ரியூக்யூ தீவுகளிலிருந்து ஒருவர் கொண்டுவந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் இந்தச் சீமையைப் பஞ்சத்தில் காப்பாற்றியது.

பெரியப்பா: நம் சவேரியார் இறங்கியதும் அந்த ஊரில்தானே?

ஜெபா: ஆமாம் பெரியப்பா! 1549 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்துவிட்டுப் போனவர், மலாக்காவில் அஞ்சிரோ என்ற ககோஷிமாக்காரரைச் சந்தித்தார். அவரையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். இந்தச் சீமையை ஆண்ட ஷிமாசு தகஹிசா பிரபு முதலில் போதிக்க விட்டார், அப்புறம் தடை போட்டுவிட்டார். சவேரியார் பெயரில் கட்டிய கல் கோயில் 1945 குண்டுவீச்சில் போனது. மிஞ்சிய கற்சுவர் ஒரு பூங்காவில் நிற்கிறது.

பெரியப்பா: அந்தச் சுவரைப் படம் எடுத்து அனுப்பு மக்களே. டிசம்பர் 3 திருவிழா மலரில் போடச் சொல்கிறேன்.

ஜெபா: சனிக்கிழமை போய் எடுத்து அனுப்புகிறேன் பெரியப்பா.