பிச்சாவரத்தைத் தின்றது மாடா, கூப்பா?

கெடிலக்கரையான்:
ஊசுட்டேரிப் பறவை இழையில் வனக்காவலன் எழுதியதை அங்கேயே மறுத்திருப்பேன். பறவைப் படம் போடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் தனி இழை. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைப் பற்றி அவர் எழுதியது: "காட்டு நிர்வாகத்தில் மனித விழுமியம், மக்கள் பங்கு என்று பேச ஆரம்பித்தால் காடு மிஞ்சாது. பிச்சாவரத்தைப் பாருங்கள். ஊர்க்காரர்களின் மாடு மேய்ந்துதான் அது அழிந்தது."

அழிந்தது மாட்டாலா? காட்டைக் கூப்புக் கூப்பாக, அதாவது வெட்டும் பகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையடித்தது யாருடைய திட்டம்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை அது நடந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேறு காய்ந்து தரை அமிழ்ந்தது. ஓதத்தில், அதாவது கடலேற்றத்தில், ஏறிய நீர் அந்தப் பள்ளத்திலேயே தேங்கி வற்றி உப்பாயிற்று. அந்த உப்பில் கண்டல், அதாவது அலையாத்தி மரம், எப்படி முளைக்கும்? 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டு வெளியே எடுத்த பிறகுதான் பச்சை திரும்பியது. மாட்டைப் பிடித்துக் கட்டியதால் அல்ல.

வனக்காவலன்:
கட்டுரை படித்தவர் பேசுகிறார். நான் சீருடையோடு அந்தச் சேற்றில் நின்றவன். வெண்கண்டல் தழை என்றால் மாட்டுக்கு வெல்லம். நுனியைக் கடித்துவிட்டால் கன்று மரமாகாது, புதராகவே நிற்கும். கேள்வி ஒன்றுதான்: நட்ட கன்றை மாடு தின்னுமா, தின்னாதா?

கெடிலக்கரையான்:
கூப்பு பற்றி ஒரு வரிகூடக் காணோம். கவனித்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

வனக்காவலன்:
தின்னுமா, தின்னாதா?

கெடிலக்கரையான்:
ஆடும்தான் தின்னும். பல நூறு ஹெக்டேர் காட்டை மொட்டையடிக்க எத்தனை மாடு வேண்டும் என்று சீருடை போட்டவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையையும் ஒருமுறை படியுங்கள். காட்டை ஒட்டி வாழும் ஏழைகளின் விறகு, தீவனத் தேவைக்கே காட்டு விளைபொருளில் முதல் உரிமை என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. தீவனம், ஐயா, தீவனம். அது மாட்டுக்குத்தான்.

கிள்ளைத்தோணி:
இரண்டு பேரும் "ஊர்க்காரர்கள்" என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். மாடு வைத்திருப்பவர் வேறு, காட்டுக்குள் இறங்குகிறவர் வேறு. இருளர் வலைகூட இல்லாமல் தண்ணீரில் இறங்கி, வேர்ச்சந்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு பெண்களும் இறங்குகிறார்கள். நீங்கள் வேலி போட்டால் மாட்டுக்காரர் வேறு தரிசுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். இவர்கள் எங்கே போவார்கள்? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நீர்நிலையில் மீன் பிடிப்பதையும் உரிமையாகத்தான் சொல்கிறது. அதைப் பேச ஆளில்லை.

வனக்காவலன்:
யார் வீட்டு மாடு என்பது வேறு வழக்கு. வேலிக்குள் புகுந்தால் மாடு மாடுதான்.

ஒயிட் டவுன் வாசி:
புதுவையிலிருந்து ஒரு பார்வை. வெளியிலிருந்து வருகிறவர்கள் காட்டில் தேடும் அமைதியும் ஒரு விழுமியம்தானே? பிச்சாவரம் 2022இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இனி அது உலகத்தின் சொத்து. மாடும் வேண்டாம், இறால் பிடிப்பும் வேண்டாம், மோட்டார் படகும் வேண்டாம். துடுப்புப் படகு மட்டும் போதும்.

கெடிலக்கரையான்:
வாருங்கள், உலகத்தின் சொந்தக்காரரே. ராம்சர் ஒப்பந்தம் ஈரநிலத்திலிருந்து மனிதனை விரட்டச் சொல்லவில்லை, அறிந்து பயன்படுத்தச் சொல்கிறது. நீங்கள் சனிக்கிழமை காரில் வந்து, அமைதியை ரசித்து, தண்ணீர் பாட்டிலைச் சுரபுன்னை வேரில் செருகிவிட்டுப் போவீர்கள். இருளர் மட்டும் வேண்டாதவர்களா?

ஒயிட் டவுன் வாசி:
நான் பாட்டில் போட்டதை நீங்கள் பார்த்தீர்களா? கடலூர்க்காரர்கள் எங்கள் எல்லைக்கு எந்தப் பாட்டிலுக்காக வருகிறார்கள் என்று நான் எழுதத் தொடங்கினால் இந்த இழை தாங்காது.

பரங்கிப்பேட்டையான்:
மாட்டையும் பாட்டிலையும் விடுங்கள். காட்டின் மதிப்பு என்னவென்று 2004 டிசம்பர் 26 அன்றே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு 2005இல் எழுதினார்கள். அலையாத்திக்குப் பின்னால் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஒயிட் டவுன் வாசி:
அதற்கு 2006இல் வந்த மறுப்பையும் சேர்த்துச் சொல்லலாமே. அதே தரவை எடுத்துப் பார்த்தவர்கள், கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமும்தான் காரணம் என்றார்கள். மரத்துக்குத் தனிப் பங்கு தெரியவில்லையாம்.

பரங்கிப்பேட்டையான்:
சுனாமி அன்று நாங்கள் இங்கே இருந்தோம். மறுப்பு எழுதியவர்கள் எங்கே இருந்தார்கள்?

ஒயிட் டவுன் வாசி:
அலை எங்கள் கரைக்கும்தான் வந்தது. துக்கத்தில் கடலூர், புதுவை என்று எல்லை போட வேண்டாம்.

கெடிலக்கரையான்:
இழை திசைமாறுகிறது. வனக்காவலன் அதைத்தான் விரும்புகிறார். கூப்பு வெட்டியது யார் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அவர் பதில் சொல்லும்வரை நான் ஒவ்வொரு பதிவிலும் கேட்பேன்.

வனக்காவலன்:
கேளுங்கள். அது அந்தக் காலத்து நடைமுறை. விறகு தேவைப்பட்டது, வெட்டினார்கள். மறுபடி முளைக்கட்டும் என்று ஒவ்வொரு பகுதியையும் ஆண்டுக்கணக்கில் விட்டுத்தான் வைத்தார்கள். முளைத்ததை யார் தின்றார்கள் என்று யோசியுங்கள். கெடிலக்கரையானுக்கு என்மீது என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். தானே புயல் இழையில், பண்ருட்டி முந்திரி விஷயத்தில் அவர் வாயடைத்துப் போனது இன்னும் ஆறவில்லை.

கெடிலக்கரையான்:
முந்திரி இழையைப் பாதியில் விட்டு ஓடியது யார் என்று பழைய பக்கங்களில் இருக்கிறது. இங்கே வருவோம். முளைக்கவே இல்லை, ஐயா. முளைக்காததை மாடு எப்படித் தின்னும்? தேங்கிய உப்பு நீரில் விதை செத்தது. வாய்க்கால் வெட்டியதும் முளைத்தது. 1986க்கும் 2002க்கும் இடையில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் பரப்பு கூடியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. அந்த வருடங்களில் கிள்ளைப் பக்கம் மாடே இல்லையா? இருந்தது. மாடும் இருந்தது, காடும் வளர்ந்தது.

வனக்காவலன்:
கன்றுகளைக் காவல் காத்தோம், வளர்ந்தது.

கிள்ளைத்தோணி:
காவல் காத்தவர்களில் பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு வாய்க்கால் வெட்டிய கூலியோடு கணக்கு முடிந்துவிட்டது. இன்றைக்குக் காட்டைப் பற்றிக் கூட்டம் போட்டால் மேடையில் அவர்களுக்கு நாற்காலி உண்டா?

தில்லைவனத்தான்:
ஒருவரும் தெய்வத்தைச் சொல்லவில்லையே? சிதம்பரத்தின் தலமரம் தில்லை. ஊருக்குள் அது அழிந்துவிட்டது, இன்று பிச்சாவரத்தில்தான் பார்க்க வேண்டும். காட்டை எங்கள் பக்தியும் காத்திருக்கிறது.

வனக்காவலன்:
தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த நச்சில் மாடு வாய் வைக்குமா? ஆகவே நின்றது. என் கட்சிக்கே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள், நன்றி.

தில்லைவனத்தான்:
தலமரத்தையும் மாட்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மட்டுறுத்துநர்:
பாட்டில், முந்திரி, மாடு ஆகியவற்றைத் தவிர்த்துத் தலைப்பில் பேசவும்.

கெடிலக்கரையான்:
தலைப்பிலேயே மாடு இருக்கிறது, மட்டுறுத்துநர் அவர்களே. தலைப்பை வைத்தவன் நான். கூப்பு வெட்டியது யார்?

வனக்காவலன்:
சனிக்கிழமை போகிறேன். கண்டல் தழையை மாடு மேய்கிற படத்தை இங்கேயே போடுகிறேன். அப்போது பேசலாம்.

கெடிலக்கரையான்:
தாராளமாகப் போடுங்கள். படத்தில் மாடு இருக்கும், அதற்குப் பின்னால் பச்சைக் காடும் இருக்கும். அந்தக் காடு எப்படி வந்தது என்று நான் கீழே எழுதுகிறேன்.

பரங்கிப்பேட்டையான்:
18 குக்கிராமங்கள் பற்றி நான் சொன்னதற்குப் புதுவைக்காரர் இன்னும் நேரான பதில் சொல்லவில்லை.