ஹார்ட் அட்டாக்குக்கு டிசபிலிட்டி பென்ஷன் மறுப்பு, முதல் அப்பீலும் தள்ளுபடி. அடுத்து என்ன செய்வது?

ஹவில்தார் மகள், திருவண்ணாமலை:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா 24 வருஷம் ராணுவத்தில் இருந்து 2021-ல் ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு டியூட்டியில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து, ராணுவ மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்து, மெடிக்கல் கேட்டகரியைக் (உடல்தகுதித் தரத்தை) குறைத்தார்கள். ரிட்டயர் ஆகும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் ஊனம் 30 சதவீதம், ஆயுள் முழுவதும் என்று எழுதிவிட்டு, பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது' என்று ஒரே வரி, அதாவது எல்லையிலோ சண்டைப் பகுதியிலோ இல்லாமல் அமைதியான இடத்தில் இருக்கும்போது வந்ததாம். முதல் அப்பீலுக்கும் அதே வரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், கடிதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனி டைம் போய்விட்டது என்கிறார் இங்கே ஒருவர். அப்பாவோ "சாதா பென்ஷன்தான் வருதே, விடும்மா" என்கிறார். எனக்கு விட மனமில்லை. வழி இருக்கிறதா?

பழைய ஹெட் கிளார்க், வேலூர்:
விட வேண்டாம் தங்கச்சி. பீஸ் ஸ்டேஷன் என்ற அந்த ஒரு வரியை வைத்தே நிறையப் பேரை ஓட்டிவிட்டிருக்கிறார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆள் சேரும்போது செய்த மெடிக்கலில் அந்த நோயைப் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை என்றால் அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அரசாங்கம், சிப்பாய் இல்லை. தரம்வீருக்கு வந்தது வலிப்பு, ஊனம் 20 சதவீதம்தான். ஆனால் அந்த விதி இதய நோய்க்கும் பொருந்தும் என்று ராணுவத்தினர் வழக்கை விசாரிக்கும் ட்ரிப்யூனல்கள் (ஆயுதப்படைத் தீர்ப்பாயங்கள்) எத்தனையோ உத்தரவில் எடுத்திருக்கின்றன.

இன்னொன்று, 30 சதவீதம் என்பது 30-ஆகவே நிற்காது. 20-ஓ அதற்கு மேலோ, ஆனால் 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆக்க வேண்டும். முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் முடிவாகிவிட்டது. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. கடைசியாக 45,000 வாங்கியிருந்தால் நூறுக்கு 13,500, அப்பாவின் 30-க்கு 4,050, அதையே 50 ஆக்கினால் 6,750, மேலே பஞ்சப்படி. இது இப்போது வருகிற பென்ஷனோடு கூடுதலாக வருவது என்று அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் சம்மதிப்பார்.

நர்சிங் அசிஸ்டென்ட் (ஓய்வு):
கிளார்க் சார் சொல்வது சட்டப்படி சரி, ஆனால் கொஞ்சம் ஆசையைக் குறைத்துக்கொண்டு பேசுவோம். மாரடைப்பு ஊரில் கடை வைத்திருப்பவருக்கும் வருகிறது. போர்டு பேப்பரில் சிகரெட், எடை, கொலஸ்ட்ரால், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதெல்லாம் எழுதியிருப்பார்கள். ட்ரிப்யூனலில் அரசுத் தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் எடுப்பார். அப்பா புகைப்பவரா? கோபிக்காமல் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் 14 நாள் சமாச்சாரம். மெடிக்கல் ஆபீசர்களுக்கு ராணுவம் கொடுத்திருக்கும் கையேட்டில் 47-வது பத்தி முழுக்க இஸ்கிமிக் ஹார்ட் டிசீஸ் (இதய நாள அடைப்பால் வரும் நோய்) பற்றித்தான். அட்டாக் வருவதற்கு முந்தைய 14 நாள் அவர் என்னென்ன டியூட்டி செய்தார் என்று யூனிட் எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் கடுமையான உழைப்போ மன அழுத்தமோ தெரிந்தால் பீஸ் ஸ்டேஷனாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளலாம். நான் பார்த்தவரை பல ஃபைலில் அந்தத் தாளே இருக்காது, இருந்தாலும் 'வழக்கமான டியூட்டி' என்று இரண்டு சொல்லோடு நிற்கும்.

ஹவில்தார் மகள், திருவண்ணாமலை:
அப்பா பீடி சிகரெட் தொட்டதில்லை சார், தாத்தாவுக்கும் இதயக் கோளாறு கிடையாது. அதற்கு முன்பு காஷ்மீர் எல்லைப் பக்கம் குப்வாராவில் இரண்டரை வருஷம் இருந்துவிட்டு வந்து எட்டு மாதத்தில்தான் இது. அட்டாக் வந்த வாரம் ஆள் குறைவு என்று தொடர்ந்து நைட் கார்டு (இரவுக் காவல்) டியூட்டி என்கிறார். ஆனால் எங்களிடம் இருக்கும் பேப்பரில் 14 நாள் பற்றி எதுவும் இல்லை.

வக்கீல், சென்னை:
குப்வாரா போஸ்டிங்தான் உங்கள் கேஸின் உயிர். இதய நாளத்தில் அடைப்பு எட்டு மாதத்தில் உருவாகிற விஷயம் இல்லை, அது வருஷக்கணக்கில் சேருவது. வலி எங்கே வந்தது என்பதை மட்டும் பார்த்துவிட்டு அதற்கு முந்தைய ஃபீல்டு சர்வீஸை (எல்லைப் பகுதிப் பணியை) பார்க்காமல் விட்டது ஏன் என்று கேளுங்கள். காரணம் எழுதாத போர்டு கருத்து நீதிமன்றத்தில் நிற்காது, உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது.

டைம் பற்றி: இரண்டாம் அப்பீலுக்கும் ஆறு மாதம்தான், அது போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அப்பீலோடு ஒரு மனு சேர்த்து அனுப்புங்கள், ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கேயும் தாமதத்தை மன்னிக்க இடம் உண்டு. பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவது என்பதால் ஒரேயடியாகக் காலாவதி ஆகிவிடாது. ஆனால் 2008-ன் தர்செம் சிங் தீர்ப்புப்படி பொதுவாக, மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷ அரியர்தான் கிடைக்கும். ஆகவே யோசிக்கிற ஒவ்வொரு மாதமும் உங்கள் காசுதான் போகிறது. சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் ரிட்டயர் ஆனவர் தான் குடியிருக்கும் இடத்துக்கான தீர்ப்பாய பெஞ்சில் மனு போடலாம், உங்களுக்குச் சென்னை. தில்லிக்கு அலைய வேண்டும் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: 2023 செப்டம்பர் 21-லிருந்து ரிட்டயர் ஆனவர்களுக்குப் புது விதிகள். மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹவில்தார் மகள், திருவண்ணாமலை:
ரொம்ப நன்றி சார். 14 நாள் பேப்பரை எங்கே கேட்பது, பழைய யூனிட்டிலா ரெக்கார்ட் ஆபீஸிலா?

பழைய ஹெட் கிளார்க், வேலூர்:
இரண்டு இடத்திலும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அப்பா பெயரில், அப்பா கையெழுத்தில் மனு போடுங்கள். முழு மெடிக்கல் போர்டு நகல், சேரும்போது செய்த மெடிக்கல், 14 நாள் டியூட்டி அறிக்கை, போஸ்டிங் விவரம், நான்கையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 'எல்லா ஆவணமும்' என்று எழுதினால் ஒரு சம்மரி ஷீட்டை அனுப்பிவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள், நானே அந்த நாற்காலியில் இருந்தவன். அறிக்கை இல்லை என்று பதில் வந்தாலும் பத்திரமாக வையுங்கள், வக்கீல் சாருக்கு அதுவும் வேலை செய்யும்.