வங்கியின் கணக்கேடுகளில் தேய்மானம்: மார்ச் 31-ல் பிசகும் இடங்கள்

தலைமை அலுவலகம், கணக்குப் பிரிவு:
தேய்மானம் என்பது சொத்தின் விலையை அது பயன்படும் ஆண்டுகளில் பிரித்துச் செலவாக எழுதுவது. பல கிளைகள் பில் தேதியிலிருந்தே அதைப் போட்டுவிடுகின்றன. கணினி வந்திறங்கி, இணைப்பு கொடுத்து, வேலைக்குத் தயாரான நாளிலிருந்துதான் கணக்கு ஓட வேண்டும். பெட்டி பிரிக்காமல் கிடந்தால் அது நடப்பிலுள்ள மூலதனப் பணி, அதாவது இன்னும் தயாராகாத சொத்து; தேய்மானம் கிடையாது.

இன்னொன்று, விலையில் ஜிஎஸ்டியை எவ்வளவு சேர்ப்பது? ஜிஎஸ்டி சட்டத்தின் 17(4) பிரிவில் பாதி உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரியை) வரவாக எடுக்கும் வங்கிக்கு மீதிப் பாதி சொத்தின் விலையோடு சேரும். 60,000 ரூபாய்க் கணினிக்கு 18% வரி 10,800. அதில் 5,400 வரவு, 5,400 விலையில். ஆக, ஏட்டில் 65,400. முழு வரியையும் விலையில் ஏற்றிவிட்டு வரவையும் எடுத்தால் 16(3) பிரிவு குறுக்கே நிற்கும். வரியின் மேல் தேய்மானம் கோரினால் அந்த வரிக்கு வரவு கிடையாது.

கணினிக்கு ரிசர்வ் வங்கி சொன்ன விகிதம் 33.33%, நேர்கோட்டு முறை (ஆண்டுதோறும் ஒரே அளவு). 2025 ஜனவரி 1-ல் தயாரானதென்றால் 90 நாளுக்கு ஏறத்தாழ 5,375 ரூபாய். வருமான வரிக் கணக்கிலோ 40%. 180 நாளுக்குக் குறைவு என்பதால் அதில் பாதி, 13,080. இந்த 7,705 வித்தியாசத்துக்கு ஒத்திவைத்த வரிப் பொறுப்பு (பின்னால் கட்ட வேண்டிவரும் வரி) காட்ட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

கிளைத் தணிக்கையாளர்:
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிளை இடம் மாறும்போதுதான் பெரிய தொகை ஒளிந்துகொள்கிறது. வாடகைக் கட்டடத்தில் 18 லட்சத்துக்குத் தடுப்பு, பொய்க்கூரை, வயரிங். குத்தகை 9 ஆண்டு, ஆண்டுக்கு 2 லட்சம் தேய்மானமாக எழுதி வருகிறார்கள். 5 ஆண்டில் காலி செய்தால் மீதி 8 லட்சம் அந்த ஆண்டே லாப நட்டக் கணக்குக்குப் போயாக வேண்டும். அதைப் புதுக் கிளையின் பெயருக்கு மாற்றி வைப்பது தவறு. இடித்துப்போட்ட பொய்க்கூரை புதுக் கிளைக்குப் போகவில்லை. லாக்கர், ஸ்ட்ராங் ரூம் கதவு, நோட்டு எண்ணும் இயந்திரம் ஆகியவை மட்டும் மாறும். வரிசை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நேரில் பாருங்கள்.

மென்பொருளிலும் இதே கவனம் வேண்டும். நிரந்தர உரிமம் வாங்கினால் புலனாகாச் சொத்து (கண்ணால் பார்க்க முடியாத சொத்து), அமார்டைசேஷன் உண்டு, அதாவது தேய்மானம் போலவே ஆண்டுகளில் பிரித்து எழுதலாம். ஆண்டுச் சந்தா முன்கூட்டிக் கட்டிய செலவு மட்டுமே. பராமரிப்பு ஒப்பந்தத் தொகையை ஒரே பில்லில் கண்டு மொத்தமாகச் சொத்தில் ஏற்றுவதை அடிக்கடி பார்க்கலாம். புலனாகாச் சொத்து சிஇடி1 மூலதனத்திலிருந்து (பங்கு, கையிருப்பு அடங்கிய வங்கியின் அடிப்படை மூலதனத்திலிருந்து) கழிபடும் என்பதால், இந்தப் பிழை மூலதன விகிதத்தையும் தொடும்.

கருவூலப் பிரிவு:
முதலீட்டுப் பக்கம் இதோடு கலக்கக் கூடாது. வங்கியின் ஆண்டுக் கணக்கில் அட்டவணை 16-ல் (இயக்கச் செலவுகள்) வரும் தேய்மானம் வங்கிச் சொத்துக்கு உரியது மட்டும். 100 ரூபாய் முகமதிப்புள்ள அரசுப் பத்திரத்தை 104-க்கு வாங்கி, முதிர்வு வரை வைத்திருக்கும் வகையில் போட்டு, இன்னும் 8 ஆண்டு இருக்கிறதென்றால், நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 50 பைசா குறையும். அது அட்டவணை 13-ல் முதலீட்டு வருவாயிலிருந்து கழியும், அட்டவணை 8-ல் பத்திரத்தின் மதிப்பும் அதே அளவு இறங்கும். 2024 ஏப்ரல் 1-க்கு முன் இந்த வகையில் பிரீமியத்தை (முகமதிப்புக்கு மேல் கொடுத்த தொகையை) மட்டும் மீதி ஆண்டுகளில் பரப்பினோம்; இப்போது தள்ளுபடியில் வாங்கியதையும் பரப்ப வேண்டும், அது வருவாயைக் கூட்டும். பழைய எக்செல் தாளில் தள்ளுபடிக்குச் சூத்திரமே இருக்காது. ஆண்டு முடிவுக்கு முன் அந்தத் தாளைத் திறந்து பார்த்துவிடுங்கள்.