மெக்னீசியம் ஹைட்ரைடு பாதியில் மந்தமாகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மெக்னீசியம் ஹைட்ரைடில் கைபழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள். எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜன் பிடிக்கும் பொருள்தான், ஆனால் அதை உறிஞ்சுவதில் அவசரமே கிடையாது. வினையூக்கியாக நயோபியம் ஆக்சைடு சேர்த்து, ஆர்கானில் பந்து ஆலையில் அரைத்த தூள். 300 டிகிரி செல்சியஸ், 10 பார். வால்வைத் திறந்ததும் விறுவிறுவென்று உறிஞ்சுகிறது. பிறகு உறிஞ்சும் அளவின் வளைகோடு சட்டென்று படுத்துவிடுகிறது.

துகளைச் சுற்றி ஹைட்ரைடு ஓடு மூடிக்கொண்டு, ஹைட்ரஜன் உள்ளே ஊடுருவ முடியாமல் நிற்கலாம். இல்லையென்றால், வினையில் வெளிவரும் வெப்பம் (மோல் ஹைட்ரஜனுக்குச் சுமார் 75 கிலோஜூல்) தூளைச் சூடாக்கி, சமநிலை அழுத்தத்தை (இதைவிட அதிக அழுத்தம் இருந்தால்தான் ஹைட்ரஜன் உள்ளே போகும்) 10 பாருக்குப் பக்கத்தில் ஏற்றிவிடலாம். எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். வெப்ப உணரி கலனின் வெளிச்சுவரில்தான் இருக்கிறது, தூளுக்குள் இல்லை. வெப்பம்தான் காரணமென்றால் எவ்வளவு வினையூக்கி கொட்டினாலும் பிரயோஜனமில்லை.

மாதிரியின் அளவைக் குறைத்து ஓட்டினால் இரண்டையும் பிரித்தறிய முடியுமா? வெப்பம் கடத்துவதற்காக விரிவுபடுத்திய கிராஃபைட் (அடுக்குகள் விரிந்த கிராஃபைட்) கலந்து வில்லையாக அழுத்தியவர்கள், அதை அரைக்கும்போதே சேர்த்தீர்களா, பிறகா? (பிறகு சேர்த்தால்தான் அடுக்குகள் நொறுங்காது என்பது என் கணக்கு.) திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கியதில் வில்லை உதிர்ந்ததா?