ஐந்து தோட்டா ரிவால்வருக்கு மாற்றுத் தோட்டா: எதில், எந்தப் பையில், எந்தக் கையால்?

ஆஸ்டின் வெயில்:
ஸ்மித் அண்ட் வெஸன் 642, 442, ரூகர் எல்சிஆர் மாதிரி ஐந்து தோட்டா .38 ஸ்பெஷல் ரிவால்வரைச் சட்டப்படி மறைத்து வைத்துக்கொள்கிறவர்கள் அமெரிக்காவில் நிறைய. வாங்கும்போது துப்பாக்கியைப் பற்றியும் ஹோல்ஸ்டரைப் பற்றியும் நூறு கேள்வி கேட்பார்கள். ஐந்தும் தீர்ந்தபின் ஆறாவது எங்கிருந்து வரும் என்று கேட்பவர் குறைவு. பதிவான சம்பவங்களில் என்ன நடந்தது, எது எங்கே சிக்குகிறது, ஏன் சிக்குகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். "நான் அன்றைக்கு ராத்திரி..." வகை வேண்டாம்.

பழைய கோல்ட்:
இரண்டு சம்பவங்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சே கிடையாது. முதலாவது 1970 ஏப்ரலில், கலிபோர்னியா நியூஹால். நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சில நிமிடங்களில் இறந்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் பென்ஸ் சுட்டுத் தீர்த்தபின், இடுப்பில் தொங்கிய தோல் பையிலிருந்து தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டி ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் கொல்லப்பட்டார். இதன் பிறகுதான் அந்தத் துறை ஸ்பீட்லோடருக்கு (எல்லாத் தோட்டாவையும் ஒரே நேரத்தில் அறைகளில் இறக்கும் உருளைச் சாமான்) மாறியது. பென்ஸ் பயிற்சிப் பழக்கத்தில், சுட்டபின் மிஞ்சும் காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டார் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. பின்னாளில் ஆவணங்களைத் துருவியவர்கள் கூடுகள் தரையில்தான் கிடந்தன என்று காட்டிவிட்டார்கள். அந்தக் கதையை இங்கே யாரும் எடுத்து வர வேண்டாம்.

இரண்டாவது 1986 ஏப்ரல் 11, மயாமி, வங்கிக் கொள்ளையரோடு எஃப்பிஐ ஆட்கள் போட்ட சண்டை. அவர்களில் கார்டன் மெக்னீல் தன் ரிவால்வரின் ஆறு தோட்டாவையும் சுட்டுவிட்டார். கையில் அடிபட்டு, ரத்தம் சிலிண்டர் அறைகளுக்குள் இறங்கி, மறுபடி நிரப்ப முடியவில்லை. ஜான் ஹான்லனின் முதல் துப்பாக்கி கார் மோதலில் தொலைந்தது. கையில் இருந்தது ஐந்து தோட்டா ஸ்மித் மாடல் 36 ரிவால்வர். அதை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே அவர் கையில் குண்டு பட்டது. ரிவால்வரை நிரப்ப இரண்டு கையும் விரல் நுனியும் வேண்டும். சண்டையில் முதலில் அடிபடுவதும் பெரும்பாலும் முன்னால் நீட்டிய கைதான்.

நெவாடா நாடோடி:
அண்ணா சொன்ன இரண்டும் போலீஸ் சண்டை. சாதாரண ஆள் மாட்டும் கொள்ளையில் ஓரிரு நொடியில், சில குண்டுகளில், ஒரு கார் நீள தூரத்துக்குள் கதை முடிந்துவிடுகிறது. நடுவில் ரீலோட் செய்த, அதாவது மறுபடி தோட்டா நிரப்பிய சம்பவத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் 1989 தொடங்கி சில வருடங்களுக்குள் பலமுறை கொள்ளையர்களோடு துப்பாக்கிச் சண்டை போட்ட கைக்கடிகார வியாபாரி, ரீலோட் பழகுவதற்குப் பதில் கடை மேஜையில் சில அடிக்கு ஒன்றாகத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டார். ரிவால்வர் காலத்தில் நியூயார்க் போலீஸ் பழக்கமும் இதேதான். இரண்டாவது துப்பாக்கியை உருவு, "நியூயார்க் ரீலோட்" முடிந்தது. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது சரி. மளிகை வாங்கப் போகிறவர் இரண்டு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைவாரா?

பழைய கோல்ட்:
மாட்டார் தம்பி. அதனால்தான் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சண்டை முடிந்தபின் காலித் துப்பாக்கியோடு போலீஸ் வரும்வரை நிற்க வேண்டியிருக்கும். ஓடிப்போனவன் ஆளோடு திரும்பலாம். மாற்றுத் தோட்டாவின் முதல் வேலை அந்தச் சில நிமிடங்களுக்குத்தான். சண்டைக்கு நடுவில் ஒன்றரை நொடியில் நிரப்பும் போட்டிக்காரர் வித்தையை நம்பி எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஜே ஃபிரேம் பட்டறை:
சாமான்களுக்கு வருகிறேன். .38 தோட்டாவின் விளிம்பு 11 மி.மீ. ஜே ஃபிரேம், அதாவது ஸ்மித்தின் சிறிய ஐந்து தோட்டா ரிவால்வர், அதன் சிலிண்டரின் குறுக்களவு 33 மி.மீ. ஸ்பீட்லோடரும் கிட்டத்தட்ட அதே பருமன். ஜீன்ஸ் பையில் போட்டால் உருண்டையாகத் துருத்தும், உட்கார்ந்தால் தொடையில் அழுத்தும். முதல் வாரம் ஆசையாகப் போடுவார்கள், இரண்டாவது வாரம் கார் டேஷ்போர்டுக்குப் போய்விடும். ஸ்பீட் ஸ்ட்ரிப் என்பது தோட்டாக்களை வரிசையாகப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டை. ஒரு தோட்டா விளிம்பு அகலம்தான் அதன் கனம், ஐந்து தோட்டா எடை சுமார் 75 கிராம். ஜீன்ஸின் சில்லறைப் பையில் நின்றுகொள்ளும்.

பியாங்கி கம்பெனி ஸ்ட்ரிப்பில் ஆறு இடம் உண்டு. ஐந்தையும் வரிசையாக நிரப்பாதீர்கள். நடுவில் பிடிக்க இடம் இருக்காது, விரல் தோட்டாவின் மேலேயே சறுக்கும். பட்டை முனையில் விரலால் பிடிக்கும் பிடிவால் பக்கம் முதல் இடம் காலி, அடுத்த இரண்டில் தோட்டா, நான்காவது காலி, கடைசி இரண்டில் தோட்டா. மொத்தம் நான்கு. நுனியில் உள்ள ஜோடியைப் பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒரே நேரத்தில் இறக்கி, பட்டையைப் பக்கவாட்டில் உரித்தெடுங்கள். நேராக மேலே இழுத்தால் தோட்டா பட்டையோடு திரும்பி வரும். அடுத்த ஜோடியை இறக்கிவிட்டு மூடுங்கள். ஐந்தாவது அறை காலியாகவே இருக்கட்டும், அதற்காக நேரம் செலவழிப்பது வீண்.

ஸ்பீட்லோடர்தான் வேண்டும் என்றால் முக்கியமாக இரண்டு வகை. ஹெச்கேஎஸ் 36-இல் குமிழைத் திருகினால்தான் தோட்டா விழும். தோட்டாக்கள் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம் அறைகளைத் தேடிப் பொருந்த உதவும், ஆனால் திருகும்போது சிலிண்டரும் கூடவே சுழலும். அதனால் இன்னொரு கை விரல்கள் சிலிண்டரைப் பிடித்திருக்க வேண்டும். சஃபாரிலேண்ட் காம்ப் ஒன்றில் திருகவே வேண்டாம். எஜெக்டர் நட்சத்திரத்தின் (சிலிண்டர் நடுவில் கூடுகளை வெளியே தள்ளும் தகடு) மேல் அழுத்தினாலே ஐந்தும் விடுபடும். பைக்குள் சாவிக் கொத்தோடு போட்டால் ஹெச்கேஎஸ் குமிழ் தானாகத் திரும்பித் தோட்டாக்கள் உதிரும். தனிப் பை வேண்டும்.

வாங்கும்போது மாடல் எண்ணைப் பாருங்கள். ஹெச்கேஎஸ்ஸில் 36 ஜே ஃபிரேமுக்கு, 10-ஏ ஆறு தோட்டா கே ஃபிரேமுக்கு. "ஸ்மித் லோடர்" என்று கேட்டு வாங்கி வந்தால் பொருந்தாது.

கைப்பிடி இன்னொரு வில்லன். இடது பக்கப் பிடியின் மேல் விளிம்பு லோடரை இடிக்கும். நான்கு தோட்டா உள்ளே போய், பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாவது சாய்ந்து நிற்கும். ரப்பர் பிடியானால் கத்தியால் சீவலாம், மரமானால் அரம். லோடரை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக.

ஹூஸ்டன் குட்டி:
பட்டறை அண்ணா, ஸ்ட்ரிப் எந்தப் பையில்? துப்பாக்கி வலது முன் பையில், பை ஹோல்ஸ்டரில்.

ஜே ஃபிரேம் பட்டறை:
துப்பாக்கி இருக்கும் பையில் வேறு எதுவும் கூடாது, ஸ்ட்ரிப்பும் சேர்த்து. உருவும்போது கையில் எது வரும் என்று தெரியாது. அதோடு டிரிகரைச் சுற்றியுள்ள காவல் வளையத்துக்குள் எதுவும் நுழைய வழி விடக்கூடாது.

அப்படியானால் ஸ்ட்ரிப் இடது பையில். அதாவது இடது கை அதை எடுக்க வேண்டும், எனவே துப்பாக்கி வலது கையிலேயே இருக்கட்டும். வலது கட்டைவிரலால் சிலிண்டரைத் திறக்கும் தாழை முன்னால் தள்ளி, இடது கையால் சிலிண்டரைத் திறந்து, குழலை வானத்துக்குத் திருப்பி, இடது உள்ளங்கையால் எஜெக்டர் ராடை (நட்சத்திரத்தைத் தள்ளும் கம்பியை) ஒரே அடியாக அடியுங்கள். பிறகு குழலைத் தரைக்குத் திருப்பி இடது கையால் நிரப்புங்கள். மாற்றுத் தோட்டாவைப் பெல்ட்டில் வலது இடுப்புக்கு முன்னால் வைக்கிறவருக்கு முறை தலைகீழ். துப்பாக்கி இடது கைக்கு மாறும், நடு இரு விரல்கள் துப்பாக்கிச் சட்டகத்தின் ஊடாகச் சிலிண்டரைப் பிடிக்கும், இடது கட்டைவிரல் ராடை அழுத்தும், திறமையான வலது கை நிரப்பும். இந்த முறையில்தான் விரல் தடுமாற்றம் குறைவு. ஆனால் கட்டைவிரல் அடி உள்ளங்கை அடி அளவுக்குப் பலமில்லை. எதுவானாலும் ஒன்றை முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற பையில் வையுங்கள். ஸ்ட்ரிப்பை இன்று இடதிலும் நாளை கோட்டுப் பையிலும் போட்டால் கைக்கு வழி தெரியாது.

தாழும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும்.

பழைய கோல்ட்:
எஜெக்டர் அடியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். .38 கூட்டின் நீளம் 29 மி.மீ. இரண்டு அங்குலக் குழல் ரிவால்வரின் ராட் அவ்வளவு தூரம் தள்ளாது. மெதுவாக அழுத்தினால் கூடுகள் பாதி வெளியே வந்து நிற்கும். அதைவிட மோசம், ஒரு கூட்டின் விளிம்பு நட்சத்திரத்துக்கு அடியில் புகுந்துகொள்வது. அது நடந்தால் சிலிண்டர் மூடாது. ராடைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நகத்தால் அந்தக் கூட்டைப் பிடுங்க வேண்டும். அவசரத்தில் நடக்காத காரியம். குழல் நேர் மேலே, ஒரே அடி, கடுமையாக. .357 கூடு 33 மி.மீ., அதில் தொல்லை இன்னும் அதிகம். ராடைக் குழல் தரையைப் பார்க்க அடித்தால் எரியாத வெடிமருந்துத் துகள் நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்காரும். பல் தேய்க்கும் பழைய பிரஷ் ஒன்றைச் சுத்தம் செய்யும் பெட்டியில் போட்டு வையுங்கள்.

சிலிண்டரை மணிக்கட்டை உதறி மூடுவது சினிமாவோடு நிற்கட்டும். சிலிண்டரைத் தாங்கும் கிரேன் வளைந்தால் எல்லா அறையும் குழலோடு நேர் தப்பிவிடும்.

டக்சன் தாத்தா:
தோட்டாவைப் பற்றி யாருமே பேசவில்லையே. சுடும்போது கையை உதைக்கும் அதிர்ச்சி குறைவு என்று, 148 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர் எனும் தட்டைமுனைத் தோட்டாவைத் துப்பாக்கியில் போடுகிறவர்கள் உண்டு. நல்ல தேர்வுதான். ஆனால் அதன் குண்டு கூட்டின் வாயோடு சமமாக, தட்டையாக நிற்கும். அறை வாயில் அதன் விளிம்பு இடித்து நிற்கும், உள்ளே வழிகாட்ட மூக்கு கிடையாது. ஃபெடரல் ஹெச்எஸ்டி மைக்ரோ 130 கிரெய்னுக்கும் அதே குணம், குண்டு ஆழமாகப் பதிந்திருக்கும். அதனால் துப்பாக்கிக்குள் அது, ஸ்ட்ரிப்பில் மூக்கு குவிந்த ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் அல்லது ஸ்பியர் கோல்ட் டாட் 135 கிரெய்ன். இரண்டும் ஒரே இடத்தில் பதிகிறதா என்று ஏழு கஜத்தில் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

எடை குறைந்த துப்பாக்கிக்கு ஒரு சோதனை. ஐந்தில் நான்கைச் சுட்டுவிட்டு ஐந்தாவதை வெளியே எடுத்து, சுடாத தோட்டாவோடு நீளத்தை ஒப்பிடுங்கள். அதிர்ச்சியில் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நழுவியிருந்தால் அந்த வகையை மறந்துவிடுங்கள். சிலிண்டர் முகத்தைத் தாண்டி நீட்டினால் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், டிரிகரை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. ஸ்மித் 340 பிடி குழலில் 120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டு வேண்டாம் என்று பொறித்திருப்பதன் காரணம் வேறு, டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரம் அரிக்காமல் இருக்கத்தான்.

பையில் திரியும் தோட்டாவுக்கு வியர்வையும் பஞ்சும் எதிரி. வாரம் ஒருமுறை ஸ்ட்ரிப்பை எடுத்துத் துணியால் துடையுங்கள். எண்ணெய் வேண்டாம், ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் இறங்கினால் வெடிக்காது. நிக்கல் பூசிய கூடு பித்தளையைவிடத் தாங்கும். வருடம் ஒருமுறை பழையதைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடுங்கள். பட்டையின் ரப்பர் தளர்ந்து தோட்டா ஆட ஆரம்பித்தால் அதையும் மாற்றுங்கள், சில டாலர் சாமான்தான்.

நெவாடா நாடோடி:
மூன் கிளிப் போட்டவர்கள் சும்மா இருக்கிறார்களே? ரூகர் எல்சிஆர் 9 மி.மீ.க்கு அது இல்லாமல் வழியில்லை. ஐந்தும் ஒரே தகட்டில், உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றாக, நட்சத்திரத்துக்கு அடியில் கூடு புகும் பிரச்சினையே இல்லை.

ஜே ஃபிரேம் பட்டறை:
வேகத்தில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் வெறும் பையில் போட்டு உட்கார்ந்தால் தகடு வளையும். வளைந்தால் சிலிண்டர் உரசும், டிரிகர் கனக்கும், சில சமயம் மூடவே மூடாது. .38-க்கான கிளிப் தகடு இன்னும் மெல்லிசு. கெட்டியான உறை வேண்டும். தினமும் துப்பாக்கியில் போடப்போகும் கிளிப்பை, போலித் தோட்டா நிரப்பிச் சுழற்றிச் சோதிக்க வேண்டும். அதற்கெல்லாம் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

ஹூஸ்டன் குட்டி:
ஒரு ஜோடி மட்டும் போட்டு அவசரமாக மூடினால் அந்த இரண்டும் எங்கே நிற்க வேண்டும்?

பழைய கோல்ட்:
நல்ல கேள்வி. ஸ்மித், ரூகர் சிலிண்டர் சுடுபவர் பார்வையில் இடப்புறமாகச் சுழலும். மூடியபின் உச்சி அறைக்கு வலப்பக்கத்து அறையில் தோட்டா இருந்தால் முதல் இழுப்பிலேயே அது குழலுக்கு வரும். கோல்ட் எதிர்ப்புறம், அதனால் இடப்பக்கத்து அறை. தப்பாக நின்றால் பதற்றம் வேண்டாம், டிரிகரை மறுபடி மறுபடி இழுத்தால் வந்து சேரும். போலித் தோட்டாவோடு பழகுங்கள். உண்மைத் தோட்டா நீங்கள் பழகும் வீட்டு அறையிலேயே இருக்கக்கூடாது.

ஆஸ்டின் வெயில்:
கடைசியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு. ஸ்ட்ரிப் மெல்லிசு, அதனாலேயே கோட்டு, கேமரா பை, குழந்தையின் டயப்பர் பை எல்லாவற்றிலும் தங்கிவிடும். அமெரிக்க விமான நிலையத்தில் தோட்டா கைப்பையில் கூடாது. ஒப்படைக்கும் பெட்டியில், தோட்டாவுக்கென்று உள்ள அட்டை அல்லது பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, கவுன்டரில் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இது உள்நாட்டுக்கு. இந்திய விமான நிலையத்தில் ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் கிடந்தது என்று உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதற்குள் விமானம் போய்விடும், விடுமுறையும் வக்கீல் வாசலில் கழிந்துவிடும். நியூ ஜெர்சி வழியாக ஓட்டுகிறவர்கள் ஹாலோ பாயிண்ட் (முனை குழிந்த குண்டு) கட்டுப்பாட்டையும் பாருங்கள், அது ஸ்ட்ரிப்பில் இருப்பதற்கும் பொருந்தும்.

டக்சன் தாத்தா:
துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகும் பையை விமானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் பை வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் கிளம்புவதற்கு முந்தின நாள் விமானப் பையைக் கவிழ்த்துக் கொட்டி, தையல் மடிப்புக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.