கேசினோ வந்தால் கடற்கரை ஊர் பிழைச்சுக்குமாம்!

கடல்காக்கை:
ரெண்டு நாளா எல்லா வாட்ஸப் குழுவிலயும் ஒரே கட்டுரை சுத்துது. கடற்கரைச் சுற்றுலா நகரத்துல கேசினோவுக்கு அனுமதி குடுத்தா சீசன் இல்லாத மாசத்துலயும் ஊர் நிறைஞ்சிருக்குமாம், அதுக்கு அமெரிக்காவோட நியூ ஜெர்சி மாநிலத்துக் கடற்கரை ஊர் அட்லாண்டிக் சிட்டியே சாட்சியாம். சாட்சிக்கு வேற ஆளே கிடைக்கலியா அந்தப் பொருளாதார மேதைக்கு? 1976ல நியூ ஜெர்சி மக்கள் அங்க கேசினோ வரட்டும்னு ஓட்டுப் போட்டாங்க, 1978ல முதல் கேசினோ திறந்துச்சு. 2014ங்கற ஒரே வருஷத்துல பன்னிரண்டுல நாலு மூடி, சுமார் எட்டாயிரம் பேர் வேலை போச்சு. 2016ல மாநில அரசே வந்து நகர நிர்வாகத்தைக் கையில எடுத்துக்கிச்சு. நல்ல சாட்சி!

இன்னொண்ணு. கேசினோவுக்குள்ள ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. உள்ள போனவனுக்குப் பகலா ராத்திரியான்னே தெரியக்கூடாது, அதான் தொழில் ரகசியம். ஜன்னலே இல்லாத கட்டடத்துக்கு எதுக்குய்யா கடற்கரை?

கணக்குப்பிள்ளை:
வந்துட்டாருய்யா. இந்த மன்றத்துல கலங்கரை விளக்கம் பத்தின இழையில அடியையும் மீட்டரையும் குழப்பிட்டு மூணு பக்கம் சண்டை போட்டவர் இப்ப ஜன்னல் எண்ண வந்திருக்கார்.

அதே அட்லாண்டிக் சிட்டியில 2012ல திறந்த ரெவெல் கேசினோ பத்திக் கேள்விப்பட்டதில்லையா? 240 கோடி டாலர்ல கட்டினது, 47 மாடி, கடலைப் பார்த்த பெரிய பெரிய கண்ணாடி. 'ஜன்னலே கிடையாது'ன்னு அடிச்சு விடறதுக்கு முன்னாடி ஒரு தடவை தேடிப் பார்க்கலாம்ல?

2006ல அந்த ஊர்க் கேசினோ வருமானம் 520 கோடி டாலரைத் தொட்டுச்சு. அதை மட்டும் ஏன் முழுங்கிட்டீங்க? அந்த வருஷக் கடைசியில பக்கத்து பென்சில்வேனியாவுலயும் கேசினோ திறக்க ஆரம்பிச்சாங்க, ஆட்டக்காரன் வீட்டுப் பக்கத்துலயே ஒதுங்கிட்டான். அது போட்டி. கேசினோ மேல பழி போடறது தப்பு.

கடல்காக்கை:
ரெவெலையே கொண்டு வந்தீங்களா! வாயில சர்க்கரை போடணும் உங்களுக்கு. 2012 ஏப்ரல்ல திறந்து 2014 செப்டம்பர்ல இழுத்து மூடினாங்க. 240 கோடி கட்டடம் 8.2 கோடிக்குப் போச்சு. கடலைக் காட்டினா எவனும் உட்கார்ந்து சூதாட மாட்டான். நான் சொன்னதும் அதான், நீங்க நிரூபிச்சதும் அதான்.

கணக்குப்பிள்ளை:
பாதிக் கதை சொல்றதுல உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதே கட்டடம் 2018ல ஓஷன்ங்கற பேர்ல மறுபடி திறந்து இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. அதே ஜன்னலோட. கண்ணாடியைக் கழட்டி காயலான் கடையில போட்டுட்டா திறந்தாங்க? ரெவெலைச் சாய்ச்சது கடன் சுமை.

உப்புக்காற்று:
இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். முதல்ல கேசினோன்னு நாம எதைச் சொல்றோம்? சிங்கப்பூர் செந்தோசாத் தீவுல இருக்கறது பெரிய பொழுதுபோக்கு வளாகத்துக்குள்ள ஒரு மூலை. கோவாவுல மாண்டோவி ஆத்துல நிக்கற கப்பல். அட்லாண்டிக் சிட்டியில கரையோரம் வரிசையா ஓட்டல். மூணும் ஒண்ணு இல்லியே. எதை அனுமதிக்கலாம்னு பேசறோம்னு முடிவு பண்ணிட்டுப் பேசினா நல்லாருக்கும்.

கடல்காக்கை:
அதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. ஓஷன் விஷயத்துக்கு வரேன். ஜன்னல் எங்க இருக்கு? லாபியிலயா, சூதாட்ட மேசை பக்கத்துலயா? லாபியில ஜன்னல் வெக்கறது பெரிய காரியம் இல்ல. கணக்குப்பிள்ளை இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

கரைசேராதவன்:
நான் ஆறு வருசம் பயணக்கப்பல் ஒண்டின்ர கேசினோவில மேசையில ஆட்டம் நடத்திற டீலரா நிண்டனான். மேசையை விட்டு விலகேக்க ரெண்டு கையையும் ஒருக்காத் தட்டி, உள்ளங்கை புறங்கை ரெண்டையும் விரிச்சு மேல இருக்கிற கமராவுக்குக் காட்டோணும், காசுக்குப் பதிலாப் பாவிக்கிற சிப்ஸ் வில்லை ஒண்டும் ஒளிக்கேல்ல எண்டு. அப்பிடிக் கைகாட்டிப் போட்டு ஒருநாள் மேல்தட்டுக்கு வந்தா விடிஞ்சு கிடக்கு. சுத்திவரக் கடல். உள்ளுக்க இருந்த ஆக்களில ஒருத்தரும் எழும்பி வரேல்ல. கப்பல் துறைமுகத்தில நிண்டால் கேசினோவைப் பூட்டிப் போடுவினம். அண்டைக்குத்தான் கனபேர் கடலையே கண்டவை.

கடல்காக்கை:
அண்ணே, இதுக்கு மேல என்ன வேணும்! கப்பல்லயே கடலைப் பார்க்காதவன் கரையில வந்தா பார்க்கப் போறான்?

கணக்குப்பிள்ளை:
அண்ணனுக்கு ஆறு வருஷம் சம்பளம் குடுத்தது அந்த மேசைதானே? சாப்பிட்ட இலையிலயே குறை சொல்றது எங்க ஊர்ப் பழக்கம் இல்ல.

கரைசேராதவன்:
தம்பி, கடைசி மூண்டு மாதத்து டிப்ஸ் காசு இண்டைக்கும் வரேல்ல. கேட்டால் 'பிரிச்சுக் குடுத்தாச்சு' எண்டினம். இலையைப் பற்றி என்னோட கதைக்காதேங்கோ.

கணக்குப்பிள்ளை:
அது உங்க நிர்வாகத்தோட பிரச்சினை, தொழிலோடது இல்ல. சூதுன்னாலே உடனே தருமர் நாட்டைத் தோத்த கதையை எடுத்துடறாங்க. ரூலெட்டுல, அதான் சுத்தற சக்கரத்துல பந்து எந்தக் குழியில விழும்னு பந்தயம் கட்டற ஆட்டத்துல, கேசினோவுக்கு நிக்கறது போடற பணத்துல 2.7 சதவீதம்தான். இதுவா கொள்ளை?

பழையபாக்கி:
ஒரு நிமிஷம். 2.7ங்கறது ஒத்தைச் சைபர் இருக்கற 37 குழிச் சக்கரத்துக்கு. அமெரிக்காவுல பரவலா இருக்கற சக்கரத்துல ரெண்டு சைபர், 38 குழி, 5.26 சதவீதம். கணக்குப்பிள்ளைன்னு பேரு வெச்சுக்கிட்டு ஒரு சைபரையே முழுங்கிட்டீங்களே? என்கிட்ட மங்களூர் பயணச் செலவு இழையில ஒரு பைசா விடாம சண்டை போட்டவர்தானே நீங்க?

கணக்குப்பிள்ளை:
நான் ஐரோப்பியச் சக்கரத்தைச் சொன்னேன்.

பழையபாக்கி:
அட்லாண்டிக் சிட்டியைப் பத்திப் பேசும்போது ஐரோப்பியச் சக்கரம். ரொம்பப் பொருத்தம்.

கடல்காக்கை:
சக்கரத்தை விடுங்க, ஜன்னலுக்கு வாங்க. அதுக்கு முன்னாடி வரிக் கணக்கு. நியூ ஜெர்சியில கேசினோ வருமானத்துல 8 சதவீதம் மாநிலத்துக்குப் போகுது, முதியோர், மாற்றுத்திறனாளி திட்டங்களுக்குன்னு. நல்ல காரியம், குறை சொல்லல. ஊருக்குன்னு பெருசா கிடைச்சது சொத்து வரி. தொழில் படுத்து கட்டடத்தோட மதிப்பு இறங்கினதும் கேசினோக்காரங்க மேல்முறையீடு போட்டு, கட்டின வரியைத் திருப்பிக் குடுன்னு நின்னாங்க. போர்கட்டாங்கற கேசினோ ஒண்ணுக்கே 2017ல 7.2 கோடி டாலருக்குச் சமரசம். வரி கட்டறேன்னு வந்தவனுக்கு ஊர் கடன்காரனாச்சு. ஒரே கூரையை நம்பிக் குடும்பம் நடத்தினா மழைக்காலத்துல இதான் கதி.

சிஹானூக்வில்லையும் சேர்த்துக்குங்க. கம்போடியாவோட கடற்கரை ஊர். சீனப் பணத்துல தெருவுக்குத் தெரு கேசினோ முளைச்சுது. 2019 ஆகஸ்ட்டுல அரசு ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைன்னு அறிவிச்சதும் வந்தவங்க மூட்டை கட்டிட்டாங்க. நூத்துக்கணக்குல பாதியில நிக்கற கான்கிரீட் எலும்புக்கூடு. அங்க ஜன்னல் இருக்கான்னு கேட்டுடாதீங்க. ஜன்னலுக்கு விட்ட ஓட்டை மட்டும்தான் இருக்கு.

கணக்குப்பிள்ளை:
ஆன்லைன் சூதாட்டம் வேற, கேசினோ வேற. எலுமிச்சைப் பழத்தைக் காட்டி மாம்பழம் புளிக்குதுங்கறீங்க. சிங்கப்பூரைப் பாருங்க. 2010ல ரெண்டே ரெண்டு திறந்தாங்க. சொந்தக் குடிமகன் உள்ள போகணும்னா 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணும், வெளிநாட்டுக்காரனுக்கு இலவசம். மொனாக்கோவுல சொந்த நாட்டுக்காரன் அவங்க கேசினோவுல ஆடவே கூடாது. ஒழுங்கா வேலி போட்டா பயிர் தப்பிக்கும்.

கடல்காக்கை:
விஷம்னு தெரிஞ்சுதான் வீட்டுப் பிள்ளைக்குக் குடுக்கல. விருந்தாளிக்கு மட்டும் டம்ளர் டம்ளரா ஊத்தறீங்க. இதுக்குப் பேரு வேலியா? அதுசரி, லாபியா மேசையா? இன்னும் பதில் வரல.

உப்புக்காற்று:
நான் கேட்டதுக்கும்தான் பதில் வரல.

பழையபாக்கி:
பிலாக்ஸியை யாரும் சொல்லலியே? அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்தோட கடற்கரை ஊர். 1990ல சட்டம் போட்டாங்க. கடலோரத்துல கேசினோ நிலத்துல இருக்கக்கூடாது, தண்ணியில மிதக்கணும்னு. 1992ல தொடங்கினாங்க, மிதவை மேல மாடி மாடியா. 2005ல கத்ரீனா புயல் வந்து அந்த மிதவைகளைத் தூக்கிக் கரையில வீசிட்டுப் போச்சு. அப்புறம் அதே வருஷம் சட்டத்தை மாத்தி, கரையிலிருந்து 800 அடி வரைக்கும் நிலத்துல கட்டிக்கலாம்னாங்க. அதனால கேசினோ வேணுமா வேண்டாமாங்கறதுக்கு முன்னாடி, எங்க நிக்கணும்னு...

கணக்குப்பிள்ளை:
அப்படிச் சொல்லுங்க. புயலுக்கு அப்புறமும் அந்த ஊர் கேசினோவை வேண்டாம்னு சொல்லல. நிலத்துலயே இடம் குடுத்துச்சு. அனுபவிச்ச ஊருக்குத் தெரியும், இங்க காக்காவுக்குத் தெரியாது.

கடல்காக்கை:
கைவிட முடியாம மாட்டிக்கிட்டதைக் கூட வெற்றின்னு எழுதற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன். வேற வழி? ஊரையே அதுல கட்டிப் போட்டாச்சே. கேசினோவுக்குள்ள இருந்து கடல் தெரியலன்னுதானே நான் குறைப்பட்டேன்? அன்னிக்குக் கடலே ஜன்னலை உடைச்சுக்கிட்டு உள்ள வந்து எட்டிப் பார்த்துச்சு.

கணக்குப்பிள்ளை:
ஆக, ஜன்னல் இருந்துச்சுன்னு ஒத்துக்கறீங்க.

கடல்காக்கை:
நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? பேச்சுக்குச் சொன்னேன்யா!

கணக்குப்பிள்ளை:
எழுத்துல இருக்கு. அழிக்க நினைக்காதீங்க, படம் எடுத்து வெச்சுட்டேன்.

கரைசேராதவன்:
இதைத்தான் எங்கட கப்பலிலயும் கண்டனான். தோத்த ஆள் எழும்பிப் போக மாட்டார்.

கடல்காக்கை:
அண்ணே, நீங்க யார் பக்கம்? காலையில வரைக்கும் என் பக்கம் இருந்தீங்க. சரி, நாளைக்கு ஓஷன் உள்பக்கப் படத்தோட வரேன். மேசையும் ஜன்னலும் ஒரே படத்துல இருந்தா அப்பப் பேசலாம்.

கணக்குப்பிள்ளை:
படத்துல தேதி தெரியணும். போன தடவை கலங்கரை விளக்கத்துக்கு ஒரு பழைய தபால் அட்டையைக் கொண்டு வந்தீங்க.